டாக்கோவா, மொயேத்தேயா, சேமியாச் சூப்பா? வேலைநாள் இரவுக்குக் கட்டுப்படியாகும் மெக்சிக்கோச் சாப்பாடு எது

முதலே சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வேலைநாள் இரவில் டாக்கோ செய்வது மலிவான காரியமும் இல்லை, கெதியான காரியமும் இல்லை. யூடியூப்பில் இருபது நிமிடம் என்று காட்டுகிறார்கள், பொய்யில்லை, ஆனால் அவர்களுடைய வீட்டில் டோர்ட்டியா, அதாவது டாக்கோவுக்கு உள்ளே கோழியோ மீனோ வைத்து மடிக்கிற சப்பாத்தி மாதிரி மெல்லிய றொட்டி, பைக்கற்றில் தயாராக இருக்கிறது. இங்கே ஓபிஸ் முடிந்து, பிள்ளையை ரியூசனில் இருந்து ஏற்றிக்கொண்டு, வழியில் இங்கத்தைத் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளிப்பழமும் மல்லி இலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் காலை வைக்க ஏழு மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில் இந்தச் சாப்பாடுகளுக்கு உண்மையான போட்டி வேறு எதுவும் இல்லை, சந்திக் கடையில் சொதியோடும் சம்பலோடும் கட்டித்தருகிற இடியப்பம்தான். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கீழே எழுதுகிறேன்: எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம், எத்தனை சட்டி கழுவ வேண்டும், வெள்ளிக்கிழமைக்குச் சரிவருமா.

ஒரு விஷயத்தை முதலில் கவனிக்க வேண்டும். மெக்சிக்கோவில் பெரிய சாப்பாடு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் நடக்கிறது. இரவில் வீட்டில் அவர்கள் சாப்பிடுவது கொஞ்சம் அவரைக்கொட்டை, ஒரு முட்டை, பாண், கோப்பி, மிஞ்சினால் ஒரு சூப். இரவில் டாக்கோ தின்பவர்கள் பெரும்பாலும் தெருவோரக் கடையில் நின்று தின்கிறார்கள், நாங்கள் கொத்து றொட்டிக்குக் கடைக்குப் போவது மாதிரி. ஆகவே உணவகப் பட்டியலைப் பார்த்துத் திட்டம் போட்டால் செலவு ஏறத்தான் செய்யும். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தால் கதை வேறு.

சரி, டாக்கோவை ஏன் தள்ளிவைக்கிறேன் என்றால் டோர்ட்டியாவால்தான். மெக்சிக்கோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவைத்து, கழுவி அரைக்கிறார்கள். நாங்கள் வெற்றிலைக்குப் பூசுகிற அதே சுண்ணாம்புதான். அந்தச் சுண்ணாம்பால்தான் மா ஒட்டிப்பிடிக்கிறது, தட்டவும் வருகிறது, சோளத்துக்குள் கிடக்கும் நியாசின் விற்றமினும் உடம்பில் சேர்கிறது. கடையில் கோன் ஃப்ளவர் என்று பெட்டியில் விற்பது வெறும் மாப்பொருள், கஸ்ரட்டுக்கும் சூப்புக் கெட்டியாக்கவும் நல்லது, டோர்ட்டியாவுக்கு உதவாது. சும்மா அரைத்த சோள மாவும் உடைந்து உதிரும். எனவே இங்கே கோதுமை மா டோர்ட்டியாதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொனோரா போன்ற வட மாநிலங்களில் காலங்காலமாகக் கோதுமையில்தான் செய்கிறார்கள். 250 கிராம் கோதுமை மா, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர் 130 மில்லிலீற்றர் அளவு. குழைத்து இருபது நிமிடம் மூடிவைத்து, எட்டு உருண்டையாக்கி, மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் ஒவ்வொன்றாகப் போட்டெடுக்க வேண்டும். டோர்ட்டியாவுக்கு மட்டும் பார்த்தால் பொருட்செலவு மிகக் குறைவு. ஆனால் எல்லாம் முடிய முக்கால் மணித்தியாலம், அதற்குப் பிறகுதான் உள்ளுக்கு வைக்கும் கோழி, அதற்குப் பிறகு சல்சா என்கிற தக்காளி மிளகாய்ச் சம்பல், வெங்காயம், மல்லி இலை என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள். அவ்வளவையும் யார் கழுவுவது?

கேசடியா இதற்கு எதிர்ப்பக்கம். கடைச் சப்பாத்தி பைக்கற் ஒன்று இருந்தால் நடுவில் சீஸைத் துருவிப் போட்டு மடித்துத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினால் போதும், பத்து நிமிட வேலை, பிள்ளைகள் கேள்வி கேட்காமல் தின்பார்கள். குற்றம் ஒன்றே ஒன்று, சீஸ் விலை. நாலு பேர் வயிறு நிறையக் கேசடியா சாப்பிட்டால் ஒரு கட்டிச் சீஸ் ஒரே இரவில் போய்விடும், அந்தக் காசுக்கு இடியப்பம் மட்டுமல்ல முட்டைக்கறியும் வாங்கலாம். அவித்த உருளைக்கிழங்கை மசித்துச் சீஸோடு கலந்து பாதியைக் குறைக்கலாம், மெக்சிக்கோவிலும் உருளைக்கிழங்கு வைக்கிறார்கள். மெக்சிக்கோ நகரத்தில் சீஸே இல்லாமலும் கேசடியா விற்கிறார்கள், அதற்கு அந்த நாட்டின் மற்ற ஊர்க்காரர் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்.

என் வாக்கு மொயேத்தேக்கு. இங்கே யாரும் பேசாத சாப்பாடு இது, ஆனால் அங்கே மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அடிக்கடி சாப்பிடுவது. பொலியோ என்று மேல் மொறுமொறுப்பான சின்னப் பாண் ஒன்று இருக்கிறது, அதை நீளவாக்கில் பிளந்து, மசித்து வதக்கிய அவரையைத் தடவி, மேலே கொஞ்சம் சீஸ் தூவி, உருகும்வரை சூடாக்கி, பச்சையாக வெட்டிய தக்காளி வெங்காயக் கலவையை மேலே அள்ளிப் போட்டுத் தருவார்கள். எங்கள் பேக்கரி ரோஸ் பாண் இதற்கென்றே செய்தது போல இருக்கும், பின்னேரம் சூடாக வேறு கிடைக்கிறது. அவண் தேவையில்லை: பாணைத் தோசைக்கல்லில் வைத்துத் தணலைக் குறைத்து மூடி போட்டால் நாலைந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். கேசடியாவுக்குத் தேவைப்படும் சீஸில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது, ஏனென்றால் வயிற்றை நிரப்புவது அவரை.

அவரைக்கு எது? சுப்பர்மார்க்கற்றில் ரெட் பீன்ஸ் இருக்கிறது, ருசியும் சரியாக இருக்கும், விலைதான் கையைக் கடிக்கும். அதோடு அதை இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து அவிக்க வேண்டும். அரைகுறையாக வெந்தால் அதிலுள்ள நச்சுப் பொருள் வயிற்றைக் குழப்பிவிடும். நான் கௌப்பிக்கு மாறியது விலைக்காகத்தான், ஆனால் அது கலப்படமும் இல்லை. மெக்சிக்கோவின் யுகத்தான் பகுதியில் ஒரு வகைக் கறுத்தக் கௌப்பியைக் காலங்காலமாகச் சமைக்கிறார்கள். காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் இரவு பிரஷர் குக்கரில் கால் மணித்தியாலத்துக்குள் மாவாகிவிடும். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கால் மணித்தியாலக் கணக்கு இன்னும் மனதில் இருக்கும். அரைக் கிலோவை ஒரே தரமாக ஞாயிற்றுக்கிழமை அவித்து, தண்ணீரோடு சின்னச் சின்னப் பெட்டியில் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேலைநாளில் மிஞ்சுவது வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, கௌப்பியைக் கொட்டி, அகப்பையால் மசித்து, அவித்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுவது மட்டும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், ருசி முழுக்க அதற்குள்.

மொயேத்தேக்கு ஈடுகொடுக்கிற ஒரே ஆள் சேமியாச் சூப், அங்கே பெயர் சோப்பா தெ ஃபிதேயோ. மெக்சிக்கோவில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இதுதான் வீட்டுச் சாப்பாடு. 200 கிராம் மெல்லிய சேமியாவை எண்ணெயில் பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் கருஞ்சிவப்பாகும்வரை வறுக்க வேண்டும். கடையில் வறுத்த சேமியா என்று வாங்கியிருந்தாலும் இந்த எண்ணெய் வறுவலை விடக்கூடாது, சூப்பின் வாசம் அதில்தான். நாலைந்து பழுத்த தக்காளி, ஒரு வெங்காயம், இரண்டு பல்லு உள்ளி மூன்றையும் அடித்து வடித்து அந்தச் சேமியாவின் மேலேயே ஊற்றினால் சுர்ரென்று பொங்கும், நிறம் கடுக்கும்வரை கிளறிவிட்டு ஒன்றரை லீற்றர் தண்ணீரோ கோழி அவித்த தண்ணீரோ விட்டு, உப்புப் போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கோப்பையில் ஊற்றிய பிறகு தேசிக்காய், மல்லி இலை, கிடைக்கும் காலத்தில் ஒரு துண்டு அவகாடோ. ஒரே சட்டி. அரை மணித்தியாலம். இந்தப் பட்டியலில் இதைவிட மலிவானது ஒன்றும் இல்லை. எங்கள் மாமி முதல் தடவை பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, பாயாசத்துக்குப் போடுறதைக் கொண்டுபோய்ச் சூப்புக்குள்ள போட்டிருக்கிறாய்?" என்றா, ஆனால் இரண்டாம் கோப்பையும் வாங்கினா. குறை என்னவென்றால் இரவு பத்து மணிக்குத் திரும்பப் பசிக்கும், வளர்கிற பொடியன்கள் இருக்கும் வீட்டில் பக்கத்தில் பாணோ அவித்த முட்டையோ வேண்டும். ஆறவிட்டால் சேமியா தண்ணீரை எல்லாம் குடித்துக் களியாகிவிடும் என்பதும் உண்மை, பிந்தி வருகிறவருக்குத் தண்ணீர் விட்டுச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டில் ஒன்று என்றால்? மழை நாளிலும் சளிக்காலத்திலும் சூப், மற்ற நாளில் மொயேத்தே. வெள்ளிக்கிழமையும், மச்சம் இல்லாத நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் இரண்டுமே தாங்கும், சூப்புக்குக் கோழித் தண்ணீருக்குப் பதிலாகக் கௌப்பி அவித்த தண்ணீரை விட்டால் இன்னும் திறம்.

முட்டைக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. மெக்சிக்கோ முட்டை என்பது வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் மூன்றும் போட்டுக் கிளறியது, வெள்ளை சிவப்பு பச்சை என்று அவர்களுடைய கொடி நிறம். எங்கள் முட்டைப் பொரியலுக்கும் அதற்கும் வித்தியாசம் கறிவேப்பிலையும் மஞ்சளும் இல்லாததும், தக்காளித் தண்ணீர் வற்றிய பிறகு முட்டையை ஊற்றிப் பெரிய மெத்தென்ற கட்டிகளாக இறக்குவதும்தான். பதினைந்து நிமிடம், பாணோடு. பெரிய குறை, சாப்பிட்டவர்களுக்கு மெக்சிக்கோச் சாப்பாடு சாப்பிட்டோம் என்ற எண்ணமே வராது. அந்த எண்ணம் வேண்டுமானால் முட்டையைப் பொரித்து, சப்பாத்தி மேல் வைத்து, சூடான சிவப்புச் சல்சாவை ஊற்றுங்கள், அதற்குப் பெயர் உவேவோஸ் ரஞ்சேரோஸ்.

ரின் மீனையும் இந்தப் போட்டிக்குள் விடலாம். அங்கே தக்காளிச் சாற்றில் வரும் மத்தி ரின்னை வெங்காயம், தக்காளி, மிளகாயோடு வதக்கிச் சாப்பிடுவது வழக்கம். இங்கே ரின்னைத் திறந்து, தண்ணீரை வடித்து, முள்ளை எடுத்து அதே முறையில் செய்தால் நாலு பேருக்கு ஒரு ரின் கட்டும், பாணுக்குள் வைத்தும் சாப்பிடலாம். முட்டையைவிடச் செலவு, கேசடியாவைவிடக் குறைவு.

எதைச் செய்தாலும் சல்சாவில்தான் வெல்வதும் தோற்பதும், அங்கேதான் யாழ்ப்பாணத்துக் கை பழக்க தோஷத்தில் தூள் போத்தலை எடுக்கும். எங்கள் தூளுக்குள் மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுபட்டுக் கிடக்கிறது, ஒரு கரண்டி போட்டால் போதும், மொயேத்தே கௌப்பிக்கறிப் பாண் ஆகிவிடும். செத்தல் மிளகாய் நாலைந்தை வெறும் தாச்சியில் கருகாமல் வாட்டிச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள். தக்காளி, வெங்காயம், தோலோடு உள்ளி எல்லாவற்றையும் தோசைக்கல்லில் தோல் கறுக்கும்வரை சுட்டு, மிளகாயோடு சேர்த்து உப்புப் போட்டு அம்மியிலோ கிரைண்டரிலோ கரகரப்பாக அரைத்தால் சிவப்புச் சல்சா, குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் இருக்கும். உறைப்புக்குப் பயப்பட வேண்டாம், மிளகாய் போர்த்துக்கீசர் காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே. ஓரிகானோ இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளியில் அரை இலையைக் கிள்ளிப் போடலாம், கரீபியன் பக்கத்தில் அதை அந்தத் தேவைக்கே பாவிக்கிறார்கள், முழு இலை போட்டால் கசாயம். சுடாமல் பச்சையாக வெட்டிக் கலக்கிற சல்சா இன்னும் கெதி: தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், மல்லி இலை, தேசிக்காய்ப் புளி. ஆனால் அது அன்றைக்கே முடிய வேண்டும், நின்றால் தண்ணீர் விட்டுவிடும்.

பரிட்டோ, நாச்சோஸ் இரண்டையும் நான் சேர்க்கவில்லை. பரிட்டோவுக்கு வேண்டிய பெரிய மெல்லிய டோர்ட்டியாவை வீட்டுத் தோசைக்கல்லில் சுடுவது பெரும்பாடு, நாச்சோஸ் சிப்ஸ் இறக்குமதிச் சாமான், இரவுச் சாப்பாடும் இல்லை. மத்தியானச் சோறு மிஞ்சினால் சூடாக்கிய கௌப்பியையும் சல்சாவையும் மேலே போட்டுச் சாப்பிடலாம், நல்லாயிருக்கும், ஆனால் சிவப்பரிசிச் சோறும் கௌப்பியும் இரவில் கனம்.

டாக்கோ ஆசையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாசையூரில் நல்ல மீன் வாங்கி, முள்ளில்லாத துண்டாக வெட்டி, மா தோய்த்துப் பொரித்து, மெல்லிசாக அரிந்த கோவாவும் தேசிக்காய் பிழிந்த மயோனைஸும் வைத்தால் அது பஹா கலிபோர்னியாக் கடற்கரையில் விற்கிற அதே வகை மீன் டாக்கோ. டோர்ட்டியா தேய்க்க ஒருவர், சுட ஒருவர், பொரிக்க ஒருவர் என்று வீட்டில் ஆட்கள் நிற்கிற நாள் அது, கனடாவிலிருந்து மருமக்கள் வந்து நிற்கிறார்கள் என்றால் தேய்க்கிற வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம். இரண்டு டோர்ட்டியா கூடுதலாகச் சுட்டு வைத்தால் திங்கள் இரவு அதைத் துண்டாக்கிப் பொரித்து, மிஞ்சிய சல்சாவைச் சூடாக்கி அதற்குள் பிரட்டி, மேலே ஒரு முட்டை. சிலக்கிலேஸ் என்பார்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.