புனலூர் போகிற வண்டியெல்லாம் மலை ஏறாது

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு ஊர் சுற்றல் என்றால் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்த்து, படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்தால் கடைசி வாரம் கை சும்மா இருக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் அப்போதுதான்.

இந்தத் தடவை அம்மா ஒன்று கேட்டார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு கருவாட்டு வியாபாரமாகக் கொல்லம் போனாராம், மீட்டர்கேஜ் வண்டியில். "பகவதிபுரம் தாண்டுனா குகை வரும்டா. தமிழ்நாடா உள்ள போயி கேரளாவா வெளிய வரும்." 1904ல் போட்ட செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதை. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010ல் மூடி, 2018ல் திறந்தார்கள். உப்பளத்துக் குவியலைத் தவிர உயரமாக ஒன்றையும் பார்க்காத என் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டலாம் என்று நினைத்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸ் கடை. பெயர் வேண்டாம், போட்டால் நாளைக்கே வேறு போர்டு மாட்டிவிடுவார். கண்ணாடிக் கதவில் அந்த மலைப்பாதையின் பதிமூணு கண்ணறைப் (பதிமூன்று வளைவு) பாலத்தின் படம், மேலே ரயில், கீழே பச்சை. "அண்ணே, மதுரையில ராத்திரி ஏறுங்க, விடியும்போது மலைமேல இருப்பீங்க. புனலூர்ல எறங்குனா நம்ம வேன் நிக்கும், அப்படியே குற்றாலம்" என்றார். ஆளுக்கு 3,500, ஆறு பேருக்கு 21,000. எண்ணிக் கொடுத்தேன்.

மதுரையில் இரவு பதினொரு மணிக்கு மேல் கிளம்பும் புனலூர் எக்ஸ்பிரஸ். டிக்கெட்டில் மதுரை, புனலூர் என்று ஏறுமிடமும் இறங்குமிடமும் மட்டும்தான் இருந்தன. அம்மா தூங்கவே இல்லை, ஜன்னலோரம் முக்காட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விடியக்காலை ஒரு பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றது. எழுந்து பார்த்தால் நாகர்கோவில்.

டிக்கெட் பரிசோதகரைப் பிடித்துக் கேட்டேன். "செங்கோட்டையா? இது எப்பவும் திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம் சுத்தித்தான் புனலூர் போகும். மலைக்கு அந்தப் பக்கமாப் போயி நின்னுரும் சார்." புனலூரோடு வண்டி முடிந்துவிடுகிறது. மலைப்பாதை தொடங்குவதே அந்த ஊரில் இருந்துதான். அதாவது மலையின் வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

கொல்லம் தாண்டும்போது அம்மா கேட்டார்: "குகை எப்பப்பா வரும்?" நான் கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

பத்து மணி வாக்கில் இறங்கினோம். வேன் நின்றது, அதில் குறையில்லை. ஓட்டிவந்த தம்பி செங்கோட்டைக்காரர். நான் புலம்பியதும் சிரித்துவிட்டார். "இந்த மாசத்துல நீங்க மூணாவது குடும்பம்ண்ணே, அதே கடை." அதுவரை கடைக்காரருக்கு வழி தெரியவில்லை போல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தென்மலை தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பாலத்தைக் கீழே இருந்து காட்டினார். பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். அம்மா இறங்கவில்லை.

குற்றாலத்து ரூமைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அருவிக்குப் பக்கத்திலேயே இருந்தும் குழாயில் தண்ணீர் வராத ரூம்.

ஊர் திரும்பியதும் டிக்கெட்டை நிதானமாகப் படித்தேன். அடியில் எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில் இரண்டு வரி: தனிநபர் கணக்கில் எடுத்த டிக்கெட், இதை விற்பதும் வாங்குவதும் 1989 ரயில்வே சட்டம் பிரிவு 143படி குற்றம். முறையான ஏஜென்ட் எடுத்தால் அவருடைய விவரம் அதிலேயே இருக்கும். வாங்கியவனும் குற்றவாளி என்று எழுதியிருப்பதால்தான் ஏமாந்தவர்கள் பாதிப்பேர் வாயைத் திறப்பதில்லை. நான் திறந்துவிட்டேன், ரயில்வே உதவி எண் 139க்கு அடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த டிக்கெட் ஆளுக்கு 300 ரூபாய்கூட வராது என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

மலைப்பாதைக்கென்று போகிறவர்கள் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் மலை வழியாகத்தான் போகிறது, ஆனால் நடுச்சாமத்தில், இருட்டைத்தான் பார்க்கலாம். சென்னை எழும்பூரில் இருந்து வரும் கொல்லம் வண்டியும் கிழக்கு வெளுக்கும் முன்பே மலையேறிவிடும். அதே வண்டி கொல்லத்தில் இருந்து மதியம் திரும்பும்போது வெளிச்சம் உண்டு. நம் பக்கத்தில் இருந்து போக வசதியானது மதுரையில் முற்பகல் கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ், சாயங்காலத்துக்குள் மலையைக் கடந்துவிடும். யார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் வண்டி எண்ணை வாங்கி, அது நிற்கும் ஊர்களை போனில் பாருங்கள். செங்கோட்டையும் தென்மலையும் அதில் இல்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள். மதுரையில் இருந்து செங்கோட்டைக்கு நாலு மணி நேரம்கூட ஆகாது. ராத்திரி பதினொன்றரைக்கு ஏறினால் விடியும்போது எப்படி மலை வரும் என்று எனக்கே கணக்குப் போடத் தோன்றவில்லை, அது என் தப்பு.

கடையில் போய்க் கேட்டேன். "டிக்கெட்ல என்னண்ணே போட்டிருக்கு? புனலூர். வண்டி புனலூர் போச்சா இல்லையா?" என்றார். ரூமுக்காக என்று 1,500 ரூபாயை மேசைமேல் வைத்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி கதவைத் திறந்து உள்ளே வந்து, அந்தப் பாலத்துப் படத்தைக் காட்டி, "இதுக்கு எவ்வளவுண்ணே?" என்றார்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் நானே பதில் சொன்னேன்.