ஸ்ட்ரேக்கா, ஃபேரிங்கா? ரைசர் குழாயின் அதிர்வை அடக்குவது எது?

கடலடிக் கிணற்றையும் மிதவை மேடையையும் இணைக்கும் ரைசர் குழாயைக் கடலோட்டம் கடந்து போகையில், குழாயின் இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரியும். இவை எவ்வளவு வேகமாகப் பிரியும் என்பதை ஸ்ட்ரூஹால் எண் (அதிர்வெண் × விட்டம் ÷ ஓட்ட வேகம்) தீர்மானிக்கிறது. உருளைக்கு அது சுமார் 0.2. அரை மீட்டர் விட்டக் குழாயில் ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால் அதிர்வெண் 0.4 ஹெர்ட்ஸ், அதாவது நாளுக்கு 34,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். குழாய் தானாக ஆட விரும்பும் அதிர்வெண்களில், அதாவது இயல்பதிர்வெண்களில், ஒன்று இதற்கு அருகில் இருந்தால் சுழல்களும் அதன் ஆட்டத்தோடு இசைந்துவிடும். வீச்சு ஒரு விட்டம் வரை வளரும்; வெல்டிங் மூட்டுகளில் விரிசல் விழும். நீளமான குழாய்க்கு இயல்பதிர்வெண்கள் நெருக்கமாக அமைவதால், ஏதாவது ஒன்று எப்போதும் சிக்கும்.

ஸ்ட்ரேக் என்பது குழாயைச் சுற்றித் திருகாக ஏறும் மூன்று விலாக்கள். 1950-களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் உருவாக்கிய உத்தி இது. புகைபோக்கிகளுக்கு விலா உயரம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். குழாயின் நிறையோடு ஒப்பிடத்தக்க அளவு கனமானது நீர் என்பதால், கடலில் கால் பங்கு வரை போகிறார்கள். குழாய் நெடுக ஒரே நேரத்தில் சுழல் பிரியவிடாமல் விலாக்கள் சிதறடிக்கின்றன. ஓட்டம் எத்திசையிலிருந்து வந்தாலும் சரி. அசையும் பாகமும் கிடையாது. ஆனால் இழுவிசை கூடும். அசையாத வெற்றுக் குழாயின் இழுவைக் கெழு (இழுவிசையை ஒப்பிட உதவும் எண்) சுமார் 1.2, ஸ்ட்ரேக் அதைத் தாண்டிவிடும். இந்த ஒப்பீட்டை மட்டும் காட்டி ஸ்ட்ரேக்கைக் குறை சொல்வது நியாயமில்லை, ஏனெனில் அதிரும் வெற்றுக் குழாயின் கெழுவே 2-ஐத் தாண்டக்கூடும்.

ஃபேரிங் வாலுள்ள உறை. ஓட்டத்துக்கேற்பத் தானே திரும்பும். அதிர்வையும் இழுவிசையையும் சேர்த்தே குறைப்பதில் ஸ்ட்ரேக் இதற்கு ஈடாகாது. ஆனால் ஃபேரிங் தடையின்றித் திரும்பியாக வேண்டும். பாசியும் சிப்பியும் படிந்து இறுகினால், சாய்ந்து நிற்கும் வால் பக்கவாட்டு விசையை உண்டாக்கும். வடிவம் பிசகினால் தானே படபடக்கவும் தொடங்கும்.

துளையிடும் ரைசரை அவ்வப்போது மேலே எடுப்பதால் உறையைச் சுத்தம் செய்யலாம். வலுவான ஓட்டத்தில் மேடைக்கு இழுவிசைதான் பெரிய தலைவலி. அங்கே ஃபேரிங்கையே தேர்வேன். பல ஆண்டுகள் நீருக்குள்ளேயே கிடக்கும் உற்பத்தி ரைசருக்கு ஸ்ட்ரேக். அதிலும் பாசி ஏறினால் விலாவின் பயனுள்ள உயரம் குறையும். ஆகவே புதிய ஸ்ட்ரேக்கின் சோதனை எண்களை வைத்து ஆயுளைக் கணக்கிடக் கூடாது, படிவோடு சோதித்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்.