ஆட்குறைப்பா, பணி மாற்றமா? கிளார்னாவும் ஐகியாவும்

சுவீடனில் பிறந்த இரு நிறுவனங்கள், வாடிக்கையாளர் சேவையில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தியபோது, அங்கே பணியாற்றியவர்களைப் பற்றி நேர்மாறான முடிவுகளை எடுத்தன.

கடனும் இணையத்தில் பணம் செலுத்தும் சேவையும் வழங்கும் கிளார்னா, தன் உரையாடல் செயலி முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டு, 700 முழுநேர ஊழியர்களுக்குச் சமமான வேலையைச் செய்ததாக 2024 பிப்ரவரியில் பெருமையுடன் அறிவித்தது. சராசரியாக 11 நிமிடம் பிடித்த குறைதீர்ப்பு 2 நிமிடத்துக்குள் முடிந்ததாம். ஆனால் 2025 மே மாதத்தில் அதன் தலைமைச் செயல் அலுவலர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவையே முதன்மையாகக் கருதியதால் தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் விரும்பினால் மனிதரிடம் பேச வழியிருக்க வேண்டும் என்று மீண்டும் ஆளெடுக்கவும் முற்பட்டார்.

அறைகலன் விற்கும் ஐகியாவின் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தும் இங்கா குழுமம், 2021இல் 'பில்லி' என்ற செயலியைக் கொண்டுவந்தது (ஐகியாவின் புகழ்பெற்ற புத்தக அலமாரியின் பெயர்தான்). அழைப்பு மையங்களுக்கு வந்த கேள்விகளில் 47 விழுக்காட்டை அது கவனித்துக்கொள்ள, 8,500 ஊழியர்கள் வீட்டு உள்ளலங்கார ஆலோசனைக்குப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். பொருள் கையிருப்பில் உள்ளதா என்பதைப் பில்லி சொல்லிவிடும். குறுகலான சமையலறையில் அலமாரியை எங்கே வைப்பது என்பதற்கு ஆள் தேவை. தொலைபேசி, காணொளி வழியான இத்தகைய விற்பனை 2022 நிதியாண்டில் 130 கோடி யூரோவை எட்டியது. ஆகவே இதைத் தருமம் என்று சொல்வதற்கில்லை.

என் சார்பு ஐகியாவின் பக்கமே. எனினும் கிளார்னாவின் சேவைப் பணியாளர்களில் பெரும்பாலோர் வெளி ஒப்பந்த நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். தன்னுடையவர்கள் அல்லாதவர்களுக்கு மறுபயிற்சி அளிக்க எந்தத் தலைமையும் எளிதில் முன்வருவதில்லை.