64 ஜிபி நெட்புக்: விண்டோஸா, குரோம்புக்கா, லினக்ஸ் மின்ட்டா?

11.6 அங்குலத் திரை, செலரான் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பதித்த சேமிப்பு. குறைந்த விலையில் புது லேப்டாப் தேடுபவர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2014-இல் ஹெச்பி ஸ்ட்ரீம் 11 வெறும் 32 ஜிபிக்குள் விண்டோஸ் 8.1-ஐ அடைத்துக்கொண்டு வந்தது. இன்றைய 64 ஜிபி மெஷின்கள் அதன் பங்காளிகள். இடம் இரட்டிப்பானது உண்மை, விண்டோஸும் சும்மா இருக்கவில்லை.

இதே விலைக்கு முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மெஷினோடு வரும் விண்டோஸ் 11-ஐ அப்படியே வைத்துக்கொள்வது, அதற்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் வாங்குவது, அல்லது விண்டோஸ் மெஷினை வாங்கி அதைத் துடைத்துவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுவது. நான் எடுத்தது மூன்றாவது: லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட், அதிலும் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இனி வருவதில் சாய்வு தெரிந்தால் காரணம் அதுதான்.

திரை, கீபோர்டு, கேமரா, ஸ்பீக்கர் பற்றி ஒரே வரி: மூன்று வழியிலும் சுமார். பேட்டரி எந்த வழியில் போனாலும் ஒரு பகல் வேலைக்கு ஏறக்குறைய தாங்கும். இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முடிவை எடுக்க வேண்டியது, அப்டேட் வரும் நாளில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்ற கணக்கை வைத்து.

விண்டோஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில் 64 என்று அச்சிட்டிருந்தாலும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 58 சொச்சம்தான் தெரியும். ரெக்கவரி பார்ட்டிஷன் ஏறக்குறைய 1 ஜிபியை எடுத்துக்கொள்ளும். மீதி 57. விண்டோஸ் 11 சில மாத அப்டேட்களோடு 25 ஜிபி அளவில் உட்காரும். ரிசர்வ்டு ஸ்டோரேஜ் என்று அப்டேட்டுக்காக அதுவே ஒதுக்கிவைப்பது சுமார் 7 ஜிபி. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவைக்கும் ஹைபர்நேஷன் கோப்பு, ரேம் அளவில் 40 சதவீதம், அதாவது ஒன்றரை ஜிபிக்கு மேல். 4 ஜிபி ரேம் போதாமல், டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்தும் பேஜ்ஃபைல் 3 ஜிபி வரை வீங்கும். ஆபீஸ் போட்டால் இன்னும் 4. உங்கள் கையில் நிற்பது 16 ஜிபி. அதில் குரோம் பிரவுசரின் கேஷ், வாட்ஸ்அப்பில் வந்து விழும் வீடியோக்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பிடிஎஃப்பாகச் சேரும் ரசீதுகள். ஒரு வருடத்தில் 7, 8 ஜிபிக்கு இறங்கிவிடும்.

மாதாந்திர அப்டேட் வரை இது ஓடும். வருடத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புகளில் சில முழு விண்டோஸையே மாற்றும், அப்போதுதான் சிக்கல். புதிய விண்டோஸ் முழுதாக இறங்க வேண்டும், பிரிய வேண்டும், பழையது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரில் 10 நாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு குடும்பம் ஒரே அறையில் குடியிருப்பது மாதிரி. இடம் போதாவிட்டால் 0எக்ஸ்80070070 என்ற பிழை எண்ணோடு நிற்கும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதே அதன் பொருள். மறுபடி டவுன்லோட், மறுபடி தோல்வி, நடுவில் மெஷின் நாள் முழுக்க ஆமை வேகம்.

விண்டோஸோடுதான் இருப்பேன் என்பவர் செய்ய வேண்டியவை உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸைத் துடைப்பது முதல் படி. அங்கேயே 'முந்தைய விண்டோஸ்' என்று தெரிந்தால் அதையும். ஆனால் அதற்குப்பின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஹைபர்நேஷனை அணைத்தால் ஒன்றரை ஜிபி திரும்ப வரும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போய்விடும். காம்பாக்ட் ஓஎஸ் வசதி சிஸ்டம் கோப்புகளைச் சுருக்கி 2 ஜிபி அளவில் மீட்டுத் தரும். செலரானுக்குச் சுருக்கத்தைப் பிரிக்கும் வேலை கூடுகிறது, மெதுவான இஎம்எம்சியிலிருந்து படிக்க வேண்டியது குறைகிறது, வேகத்தில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒன்டிரைவில் 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கிளவுடில் இருக்கும் போட்டோவெல்லாம் டிஸ்க்குக்கு இறங்கிவிடும். பெரிய அப்டேட் சமயத்தில் இடம் போதாவிட்டால் 10 ஜிபிக்கு மேல் காலியான பென்டிரைவைச் செருகச் சொல்லி விண்டோஸே கேட்கும், செருகுங்கள், முடியும்வரை பிடுங்காதீர்கள்.

எல்லாம் வேலை செய்யும். ஆனால் பெரிய அப்டேட் வரும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். வீட்டில் கணினி தெரிந்தவர் ஒருவருக்கு இது நிரந்தர உத்தியோகம்.

32 ஜிபி மெஷின் பழையதாக மலிவாகக் கிடைத்தால் விண்டோஸ் கேள்வியே எழாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

மின்ட்டில் கதை வேறு. அங்கே அப்டேட் என்பது முழு வீட்டை மாற்றுவது கிடையாது. மாறிய பேக்கேஜ் மட்டும் இறங்கி, பழைய கோப்பின் இடத்தில் உட்காரும். சாதாரண வாரத்தில் சில நூறு எம்பி காலியாக இருந்தாலே போதும். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் சேர்த்து முழு நிறுவலே 12 ஜிபியை ஒட்டித்தான் வரும். 58-இல் 12 போனால் மீதி 46. அதற்காக எதையும் மாற்றாமல் விட்டால் மின்ட்டும் டிஸ்க்கை நிரப்பும். நிரப்புவது யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

போடும் முன்: விண்டோஸ் உரிமம் மதர்போர்டு ஃபர்ம்வேரிலேயே இருக்கும், பின்னால் மனம் மாறினால் விண்டோஸை மறுபடி போட்டு நெட்டில் இணைத்தாலே ஆக்டிவேட் ஆகிவிடும். இருந்தாலும் ரெக்கவரி பென்டிரைவ் ஒன்று செய்து ஒதுக்கி வையுங்கள். மின்ட்டின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை ஐந்து: வைஃபை, ஸ்பீக்கர் சத்தம், பிரைட்னஸ் கீ, டச்பேட், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா. மலிவு மெஷின்களில் அதிகம் காலை வாருவது சத்தம். இஎஸ்8336 போன்ற ஆடியோ சிப் இருந்தால் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கக்கூடும். ஆட்டம் இசட்3735எஃப் பிராசசர் உள்ள பழைய நெட்புக்கில் இன்னொரு வில்லங்கம்: பிராசசர் 64 பிட், ஆனால் மெஷினைத் தொடங்கும் யூஇஎஃப்ஐ மென்பொருள் 32 பிட். வழக்கமான பென்டிரைவ் பூட்டே ஆகாமல் போகலாம்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று 64 ஜிபியில் டூயல் பூட் போடுவது வேண்டாத வேலை. விண்டோஸுக்கும் இடம் இருக்காது, லினக்ஸுக்கும் இருக்காது.

நிறுவும்போது டிஸ்க் பெயர் எஸ்டிஏ என்று வராது, எம்எம்சிபிஎல்கே0 என்று வரும். அதன் பக்கத்தில் பூட்0, பூட்1 என்று சில எம்பி அளவில் இரண்டு தெரியும். அவை இஎம்எம்சியின் உள் பகுதிகள், தொடாதீர்கள். மெஷின் தொடங்கத் தேவையான சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் போக, மீதி டிஸ்க் முழுவதையும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்குக் கொடுத்துவிடலாம்.

நிறுவி முடித்த அன்றே கவனிக்க வேண்டியதில் முதலிடம் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவிக்கு. அது எடுக்கும் முதல் ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் நகல், சிஸ்டம் அளவுக்கே, சுமார் 10 ஜிபி வரும், அதே டிஸ்க்கில் போய் உட்காரும். தினசரி 5 என்று வைத்துவிட்டு மறந்தால் சில மாதத்தில் டிஸ்க் 100 சதவீதம் காட்டி, லாகின் திரையிலேயே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். மின்ட் பற்றி வரும் 'திடீரென்று உள்ளே போகவில்லை' புகார்களில் பலவற்றின் அடியில் இருப்பது இதுதான். தானியங்கி அட்டவணையை நிறுத்திவிட்டு, எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்த 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை ஸ்னாப்ஷாட் இடமாகக் காட்டுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த கார்டை அது ஏற்காது. மின்ட்டின் அடுத்த பெரிய பதிப்புக்குப் போகும் கருவி ஸ்னாப்ஷாட் இல்லாமல் நகராது, அப்போதும் இந்தக் கார்டு உதவும்.

அடுத்தது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். புதியது வரும்போது பழையது தானாகப் போவதில்லை, ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. அப்டேட் மேனேஜரின் பிரிஃபரன்ஸஸில் ஆட்டோமேஷன் பக்கத்தில் பழைய கர்னல்களை நீக்கும் விருப்பத்தை இயக்கிவிடுங்கள். எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற அட்மின் கணக்குக்கென்று ஒதுக்கும். 58 ஜிபியில் அது கிட்டத்தட்ட 3 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையைக் கொண்டு 1 சதவீதமாகக் குறைத்தால் 2 ஜிபிக்கு மேல் சும்மா கிடைக்கும், ரீஸ்டார்ட்கூட வேண்டாம். சிஸ்டம் எழுதிவைக்கும் ஜர்னல் லாகுக்கு 100 எம்பி உச்சவரம்பு வையுங்கள். ஃபிளாட்பேக் என்ற வடிவில் செயலி ஒன்றே ஒன்று போட்டாலும் அதன் ரன்டைம் 1 ஜிபிக்குக் குறையாமல் கூட வரும், ஆகவே ஒரு செயலி மின்ட்டின் வழக்கமான டெப் வடிவில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

4 ஜிபி ரேமுக்கு, ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கிவைக்கும் இசட்ரேம் போடுவது நல்லது. ரேமில் பாதி அளவு கொடுத்தால் போதும். மின்ட் உருவாக்கிய ஸ்வாப் ஃபைலை, அதாவது விண்டோஸ் பேஜ்ஃபைலின் லினக்ஸ் வடிவத்தை, நீக்கி இடம் மிச்சப்படுத்தலாமா? பத்துக்குக் குறைவான டேப் திறப்பவர் நீக்கலாம் என்றே நினைக்கிறேன். வீடியோ காலும் டேப்களும் ஒன்றாக ஓட்டுபவர் விட்டுவைப்பதே மேல்.

கார்டில் படங்களை வைப்பவர்கள் அதை எஃப்எஸ்டேப் என்ற டிஸ்க் பட்டியல் கோப்பில் சேர்க்கும்போது 'நோஃபெயில்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அது இல்லாமல் கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் மெஷின் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

எவ்வளவு இடம் இருந்தாலும் 10 ஜிபியைக் காலியாகவே விடுங்கள். ஃப்ளாஷ் மெமரி நிரம்ப நிரம்ப, எழுத வேண்டியதை எழுத உள்ளே ஏற்கனவே இருப்பதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். வேகமும் குறையும், ஆயுளும் குறையும். இஎம்எம்சி போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, அது போனால் சர்வீஸ் சென்டர் சொல்லும் பதில் 'போர்டு மாற்ற வேண்டும்'. எம்எம்சி-யூடில்ஸ் பேக்கேஜைப் போட்டு எக்ஸ்ட்சிஎஸ்டி தகவலைப் படித்தால் ஆயுள் மதிப்பீடு தெரியும். 0எக்ஸ்01 என்றால் 10 சதவீதத்துக்குள்தான் தேய்ந்திருக்கிறது, 0எக்ஸ்0ஏ என்றால் முடியப்போகிறது. பழைய நெட்புக் வாங்கும்போது லைவ் பென்டிரைவிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

தமிழ் தட்டச்சு இப்போது எந்தப் பக்கமும் தடையில்லை. மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு பேக்கேஜ்களைப் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் வரும். விண்டோஸ் 11-இல் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு, குரோம்புக்கிலும் தமிழ்99 உண்டு. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் வந்தால் அந்த எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டால் லிப்ரே ஆபீஸ் காட்டிவிடும்.

மின்ட் தோற்கும் இடங்களும் தெளிவானவை. டாலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை பார்ப்பவருக்கும் லினக்ஸ் தலைவலி. கேனன் எல்பிபி2900 பிரிண்டர் வீட்டில் இருந்தால் அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் விண்டோஸில் இருங்கள், ஆனால் 64 ஜிபியில் இருக்காதீர்கள்.

குரோம்புக் பற்றி எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் சுருக்கமாக. அப்டேட் நாள் கணக்கில் உண்மையில் முதல் பரிசு அதற்குத்தான். சிஸ்டத்துக்கு இரண்டு தனிப் பிரதிகள் வைத்திருக்கும், ஓடாத பிரதியில் அப்டேட்டை எழுதி, ரீஸ்டார்ட்டில் மாறிக்கொள்ளும். உங்கள் இடத்தைத் தொடவே தொடாது. கணினி அறியாத பெற்றோருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ என்றால் தயங்காமல் சொல்லலாம். பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் அறிவித்திருக்கிறது, ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடலின் பிளாட்ஃபார்ம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்கு, செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் தேதியைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

64 ஜிபி வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டுமா என்று கேட்டால், புதியதுதான் வேண்டும், வாரண்டி வேண்டும் என்பவருக்கு மட்டும் அந்தக் கட்டாயம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும் டெல் லாட்டிடியூட் 7290 போன்ற பழைய ஆபீஸ் மெஷினில் 8-ஆம் தலைமுறை ஐ5, மாற்றக்கூடிய ரேம், எம்.2 எஸ்எஸ்டி எல்லாம் உண்டு, விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறும். பேட்டரி தேய்ந்திருக்கும், அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பயாஸில் அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று கடையிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு நெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது, எடுக்க வேண்டாம்.

புது நெட்புக்கே என்று முடிவானால், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் எஸ்எஸ்டி செருகும் காலி எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று தேடுங்கள். சில மாடல்களில் இஎம்எம்சியோடு அதுவும் உண்டு. அது ஏற்பது சாட்டா வகை எஸ்எஸ்டியா, என்விஎம்இ வகையா என்பதையும் குறித்துக்கொண்டு பிறகு கார்டு வாங்குங்கள். ஸ்லாட்டில் சாட்டா மட்டும் என்றால் என்விஎம்இ கார்டு உள்ளே பொருந்தினாலும் மெஷினுக்குத் தெரியாது.