தாழ்த்திய பழைய காருக்குப் பின்பக்க ஷாக்: எதை எடுப்பது?

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் பலரும் பின்பக்க ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாதி வேலைதான் அது. பின்பக்கம் 40 மி.மீ. இறங்கினால், ஷாக் அமுங்குவதற்கு இருந்த தூரமும் அதற்கேற்பக் குறைந்துவிடும். மிச்சமிருப்பது ஒரு சின்னக் குழிக்கே தீர்ந்து, பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் தடுப்பில், போய் இடிக்கும். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி என்று குறைப்படுபவர்கள் பல நேரம் உணர்வது இந்த இடியைத்தான்.

அதனால் பிராண்டுக்கு முன்னால் நீளத்தைப் பாருங்கள். கார் சமதரையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, வாங்கப்போகும் ஷாக்கின் முழுசாக அமுங்கிய நீளத்தை அதிலிருந்து கழியுங்கள். ஐந்து செ.மீ. கூடத் தேறவில்லை என்றால் நான் அதை வாங்க மாட்டேன்.

சுமார் 20 மி.மீ. மட்டும் இறக்கிய காருக்கு, கம்பெனி நீளத்தில் வரும் கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள ஷாக்) ஓரளவு போதும். கேஒய்பி எக்செல்-ஜி அந்த ரகம். ஓட்ட மென்மையாக இருக்கும். ஆனால் அதன் வால்வுகள் ஒரிஜினல் ஸ்பிரிங்கை மனதில் வைத்துச் செய்தவை. கெட்டியான ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது அதை அடக்க இதற்குத் தெம்பு பத்தாது. மேடு தாண்டிய பிறகும் வால்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக். பில்ஸ்டீன் பிராண்டில் பி6, பி8 இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பி6 வழக்கமான உயரத்துக்கு. பி8 தாழ்த்திய காருக்கென்றே குட்டையாக்கியது. அந்தக் குட்டை நீளத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது நீள ஷாக் சக்கரத்தை ரொம்பக் கீழே தொங்கவிடும். குட்டை ஸ்பிரிங் லூசாகி, இறக்கும்போது கோணலாக உட்காரலாம். பி8 அவ்வளவு தொங்க விடாது. மோனோட்யூபில் கேஸும் எண்ணெயும் தனித்தனி அறையில் இருப்பதால் நுரைக்காது, சூடும் சீக்கிரம் இறங்கும். குறை என்னவென்றால், உள்ளே கேஸ் அழுத்தம் அதிகம். வால்பக்கம் லேசான பழைய காரில் அது கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும், சின்னச் சின்ன மேடு பள்ளமும் உடம்புக்குத் தெரியும். கல் பட்டுக் குழாய் நெளிந்தாலும் போச்சு, பிஸ்டன் ஓடுவதே அந்தக் குழாய்க்குள்தான்.

கோனி பிராண்டின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரியும்போது காட்டும் எதிர்ப்பை, மட்டும் கூட்டிக் குறைக்கலாம். எந்த ஸ்பிரிங், எவ்வளவு கெட்டி என்று தெரியாத பழைய காருக்கு இது பெரிய வசதி. பல மாடல்களில் பின்பக்க ஷாக்கைக் கழற்றி, முழுசாக அமுக்கித் திருகித்தான் செட் செய்ய வேண்டும் என்பது தொல்லைதான். எல்லாவற்றிலும் குறைந்த அளவில் தொடங்கி, வால் ஆடினால் மட்டும் ஏற்றுங்கள்.

என் தேர்வு: 30 மி.மீ. வாக்கில் இறக்கி, தினமும் ஓட்டும் காருக்கு, நீளம் ஒத்துவந்தால், கோனி. அதற்கு மேல் இறக்கியிருந்தால் பி8.

எதைப் போட்டாலும், ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் உறை) உள்ள கீழ் போல்ட்டைக் கார் தரையில் நின்ற பிறகே முழுசாக இறுக்குங்கள். ஜாக்கியில் இருக்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.