ஆபரேஷன் சரி, அதுக்கு அப்புறம்?

எடை குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற ஆபரேஷன்) செய்து நாலு வருஷம் ஆகிறது. 118 கிலோவில் இருந்து 76 வரை இறங்கி, இப்போது 81-ல் நிற்கிறேன். ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில், பெயர் வேண்டாம். நான் தக்கலைக்காரி. நம்ம பக்கத்திலிருந்து நிறைய பேர் அங்கேதான் போகிறார்கள் என்பதால் பின்கவனிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருஷம் மாப்பிள்ளைக் கவனிப்பு. ஒண்ணாவது, மூணாவது, ஆறாவது மாதம், வருஷ முடிவு என்று அவர்களே போன் போட்டுக் கூப்பிட்டார்கள். டயட்டீஷியன் தந்த சார்ட்டில் ஓட்ஸ், பன்னீர் என்று இருந்தது. "எங்க வீட்டுல சாளையும் மரச்சீனிக் கிழங்கும்தான் மேடம்" என்றேன். சிரித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பேனாவால் எழுதித் தந்தார்: முதலில் மீன், அப்புறம் பயறு, வயிற்றில் இடம் இருந்தால் மட்டும் மரச்சீனி ரெண்டு துண்டு. நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். அந்தத் தாள் மீன் கறிக் கறையோடு இன்னமும் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஒரு கல்யாணத்தில் ஆசைப்பட்டு அரை டம்ளர் அடைப்பிரதமன் பாயசம் குடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடிக்க, மைனி பயந்து ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தேன், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் நர்ஸ் உடனே எடுத்து, சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் இப்படித்தான் வரும், கொஞ்ச நேரம் படுங்கள், குறையவில்லை என்றால் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். அதற்காகவே முதல் வருஷத்துக்கு முழு மார்க்.

ரெண்டாம் வருஷம் போன் நின்றது. நானும் மாத்திரையை விட்டேன், அந்தத் தப்பு என்னுடையதுதான். ஆனால் பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாட்டில் இருந்து பி12-ம் இரும்பும் சரியாக உடம்பில் சேராது, ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டும், வருஷா வருஷம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இங்கிலீஷில் போட்டுவிட்டால் போதுமா? பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற மாதிரி ஆனபோது போன் செய்தேன். "உங்க பேக்கேஜ் முடிஞ்சாச்சே, ஓபியில புதுசா சீட்டு போட்டு வாங்க" என்றார்கள். களியக்காவிளையில் பஸ் மாறிப் போய், மூணு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போனால் புது டாக்டர் எடை பார்த்துவிட்டு, நல்லா குறைஞ்சிருக்கீங்களே என்று அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதவே இல்லை.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 8.9, பி12-ம் ரொம்பக் குறைவு. ஊசி போட்டு மூணு மாதத்தில் ஆள் ஆனேன்.

ஆபரேஷனுக்கு அஞ்சுக்கு அஞ்சு, முதல் வருஷத்துக்கும் அப்படியே, அதற்குப் பிறகு ஒண்ணு. பணம் கட்டுகிறதுக்கு முன்னால் பேக்கேஜ் எத்தனை வருஷம், அது முடிந்தபிறகு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் கடைக்காரர்.