நூறு சுற்றும் தெரிகிறது, புள்ளிதான் தெரியவில்லை: ஆண்கள் ஓம்னியம் மறுஒளிபரப்பு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உள்ளரங்கத் தடத்தில் நடந்த சைக்கிள் போட்டியான ஆண்கள் ஓம்னியத்தைச் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு விளையாட்டுச் சேவையில் போன வாரம் முழுதாகப் பார்த்தேன். அந்தச் சேவையில் 2012, 2016, 2020 ஓம்னியப் பதிவுகளும் இருப்பதால் அவற்றையும் விடவில்லை. சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் வந்து, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பள்ளி விளையாட்டு விழாக்களில் பல வருஷம் புள்ளி எழுதும் மேசையில் உட்கார்ந்தவள் நான். பி.டி. டீச்சர். ஆகவே எந்தப் போட்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் கணக்குக்குத்தான் போகும். ஓம்னியம் என் மாதிரி ஆட்களுக்காகவே செய்த போட்டி. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘எல்லாவற்றினுடைய’ என்று பொருள். ஒரே நாளில் நான்கு பந்தயம், நான்குக்கும் சேர்த்து ஒரே பதக்கம்.

தேடினால் முதலில் வந்து நிற்பது சுருக்கப் பதிவு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிண்ட்களை, அதாவது புள்ளிக்காக முழு வேகத்தில் பாயும் இடங்களை, மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். யார் எட்டு சுற்று சும்மா இருப்பதுபோல் ஒளிந்திருந்து ஒன்பதாவதில் கிளம்பினார் என்பது அதில் இருக்காது. போதாததற்கு, முகப்புப் படத்திலேயே பதக்கத்தோடு நிற்கும் மூவரையும் போட்டுவிட்டார்கள். கீழே இறங்கிப் போனால் முழுப் பதிவு, பந்தயத்துக்கு ஒன்றாக நான்கு துண்டுகள். அதுதான் பார்க்க வேண்டியது.

முதல் பந்தயம் ஸ்க்ராட்ச். 10 கிலோமீட்டர், 250 மீட்டர் தடத்தில் 40 சுற்று, முதலில் வருபவர் வெற்றி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது டெம்போ, அதுவும் 40 சுற்றுதான். தொடக்கத்துச் சில சுற்றுகள் கழிந்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி, கோட்டை முதலில் தொடுபவருக்கு மட்டும். வெளியிலிருந்து பார்க்க ஒரே ஓட்டமாகத் தெரியும். உள்ளே ஆளை உறிஞ்சி எடுத்துவிடும் பந்தயம்.

மூன்றாவதான எலிமினேஷனுக்குத்தான் இந்தச் சேவையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசியாகக் கோட்டைத் தாண்டுபவர் வெளியே. மற்ற பந்தயங்களில் முன்சக்கரம்தான் கணக்கு. இங்கே பார்ப்பது பின்சக்கரத்தை. ஒருவருடைய முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருக்கும், பின்சக்கரம் பக்கத்து ஆளைவிட ஒரு சாண் பின்தங்கியிருக்கும், ஆள் அவுட். இந்தச் சேவையில் படத்தை நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். நடுவர்கள் எதைப் பார்த்தார்களோ அதை நாமும் பார்க்கலாம். நான் பார்த்த வேறு எதிலும் இது இவ்வளவு துல்லியமாக இல்லை.

அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார். விளையாட்டு பார்க்கிற வழக்கமே கிடையாது.

“ஏண்டி, அந்தப் பிள்ளைய எதுக்கு வெளிய அனுப்புறாங்க? நல்லாத்தானே ஓட்டினான்?”

நிறுத்திப் பின்னால் ஓட்டிக் காட்டினேன். அந்த வீரர் தடத்தின் அடிப்பக்கம், கறுப்புக் கோட்டை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். காலில் பலம் இருக்கிறது, போக வழி இல்லை. சைக்கிளில் பிரேக்கும் கிடையாது, ஒரே கியர், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் அவரைத் தாண்டி வழிந்து போனது.

“அடப்பாவமே, கீழ மாட்டிக்கிட்டான்” என்றார் அம்மா. அடுத்த சுற்றிலிருந்து யார் மாட்டப் போகிறார் என்று எனக்கு முன்னால் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். இருபது பேருக்கு மேல் தொடங்கி இருவராகச் சுருங்கும் வரை எழுந்திருக்கவே இல்லை.

ஒலியையும் சொல்ல வேண்டும். வர்ணனையை அணைத்துவிட்டு அரங்கத்து ஓசையை மட்டும் கேட்கும் வசதி இருக்கிறது. மரத்தளத்தின் மேல் டயர்கள் எழுப்பும் அந்த நீண்ட ரீங்காரம், ஸ்பிரிண்ட் சுற்று தொடங்கும்போது அடிக்கிற மணி, மணி கேட்டதும் எழும் கூட்டத்தின் குரல். முதல் மூன்று பந்தயங்களை வர்ணனையோடு பாருங்கள், கடைசியை இப்படிக் கேளுங்கள்.

கடைசிப் பந்தயத்தில்தான் என் கோபம் வருகிறது. பாயிண்ட்ஸ் ரேஸ், 25 கிலோமீட்டர், 100 சுற்று. பத்து சுற்றுக்கு ஒரு ஸ்பிரிண்ட், முதல் நால்வருக்கு 5, 3, 2, 1. கடைசி ஸ்பிரிண்டுக்கு இரட்டிப்பு. கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒரு முழுச் சுற்று முன்னேறிக் கூட்டத்தின் வாலைப் பிடித்தால் 20 புள்ளி, ஒரு சுற்று பின்தங்கினால் 20 போய்விடும். முதல் மூன்று பந்தயங்கள் ஒவ்வொன்றிலும் வென்றவருக்கு 40, அடுத்தவருக்கு 38, பிறகு 36 என்று இரண்டிரண்டாக இறங்கும்; அந்தக் கணக்கோடுதான் இங்கே வாங்குவதும் சேரும். அதாவது, முதல் பந்தயத்தில் பத்து இடம் பின்னால் வந்த ஒருவர் இங்கே ஒரே ஒரு சுற்றில் அதைச் சரிக்கட்டிவிடலாம். இவ்வளவும் நடக்கும்போது திரையின் இடது ஓரத்தில் பெயரும் புள்ளியும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தப் பந்தயமே தெரியாது.

இந்தச் சேவையின் தொலைக்காட்சிச் செயலி படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்புகிறது, அதில் இடது ஓரம் வெட்டுப்படுகிறது. பட்டியல் இருக்கிறது, பாதிப் பெயரோடு. “இப்ப யாரு முன்னாடி?” என்று அம்மா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு சுற்றுக்குப் பதினாறு விநாடிபோல் ஆகிறது. ஒரு ஸ்பிரிண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று நிமிடம்கூட இல்லை. அதற்குள் அமைப்புகளுக்குள் போய்த் தேடி, ‘அசல் அளவு’ என்பதைக் கண்டுபிடித்துத் திரும்பினால் யாரோ ஒருவர் அரைச் சுற்று முன்னால் இருந்தார். பந்தயம் தொடங்கும் முன்பே அதை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த பதிவைத் திறந்தால் பழைய அளவுக்கே போய்விடுகிறது, திரும்ப மாற்ற வேண்டும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் பெயர், பத்து கட்டம், கடைசியில் சுற்றுக்கு ஒரு கட்டம். நானே எழுதினேன். அப்போதுதான் பெஞ்சமின் தாமஸ் விழுந்ததன் கனம் எனக்குப் புரிந்தது. சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன்னால், பந்தயம் முடிவை நோக்கிப் போகும் நேரத்தில் பிரான்ஸின் தாமஸ் கீழே சரிந்தார். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். விதிப்படி, ஏற்கத்தக்க விபத்து என்றால் ஐந்து சுற்று வரை வெளியே நின்று திரும்பச் சேரலாம். அவர் எழுந்தார், ஏறினார், சேர்ந்தார், வென்றார். முடிவில் அவருக்கு 164, போர்ச்சுகலின் யூரி லெய்தாவோவுக்கு 153, பெல்ஜியத்தின் ஃபாபியோ வான் டென் பொஷேவுக்கு 131.

பழைய பதிவுகளைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. 2012 லண்டனில் தங்கம் வாங்கிய டென்மார்க்கின் லாசே நார்மன் ஹான்சன் ஸ்க்ராட்சில் விழுந்தவர். 2016 ரியோவில் வென்ற இத்தாலியின் எலியா விவியானி பாயிண்ட்ஸ் ரேஸில் விழுந்தவர். பிறகு தாமஸ். நான்கு ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், விழுந்து எழுந்தவர்களுக்கு. இத்தனை சுற்று ஓடும் போட்டியில், விழுந்த பிறகும் கணக்கைச் சரிக்கட்ட நேரம் மிச்சமிருக்கிறது. ஒரே ஸ்பிரிண்டில் முடியும் போட்டியில் அது கிடைக்காது.

அந்த இரண்டு பழைய ஓம்னியங்களும் இரண்டு நாள், ஆறு பந்தயம். தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டுவதும் அதில் உண்டு. லண்டனில் கணக்கே தலைகீழ், இடத்தின் எண்தான் புள்ளி, குறைவாக வாங்குபவர் வெற்றி. ஹான்சன் 27, பிரையன் கொக்கார் 29, எட் கிளான்சி 30. நேரப் பந்தயங்களை எடுத்துவிட்டு நான்காகச் சுருக்கியது சரியான முடிவு என்பது என் கட்சி. ஆனால் லண்டன் பதிவை யாரும் தவறவிடக் கூடாது. மூவருக்கும் இடையில் மூன்றே புள்ளி.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த இடது ஓரத்தைச் சரிசெய்தால் நாலரை.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே அம்மா, “அந்த ரெண்டாவதா வந்த பையன் என்ன ஆனான்?” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, இருவர் ஜோடியாக ஓட்டும் மேடிசன் பந்தயத்தில் ருய் ஒலிவேராவோடு சேர்ந்து தங்கம் வாங்கினான், தடகளத்துக்கு வெளியே போர்ச்சுகலின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது என்றேன். “அதையும் போடு” என்றார். 200 சுற்று. நோட்டில் புதுப் பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.